கொன்றவன் கண்ணீர்

அழகு அழிவதைக் கண்டு அழாதவன் கல்நெஞ்சன். இதை மறுப்பார் எவரும் இல்லை. மலர் வாடினாலே மனம் வருந்துகிறது. மங்கை ஒருத்தி மணக்கோலத்தில் மாண்டாள் என்றால் மலையும் உருகும். அந்த இரக்கத்தை நாம் இகழவில்லை. ஆனால், இரங்குவோரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மலர் தானாக வாடிற்றா, பறித்துக் கசக்கி எறியப்பட்டதா? அழகைக் காலம் கவர்ந்ததா, கயிறு நெரித்ததா?

வாடிய அழகுக்கு வடிக்கும் கண்ணீர் வேறு. வதைக்கப்பட்ட அழகுக்கு வடிக்கும் கண்ணீர் வேறு. இரண்டையும் ஒரே குடத்தில் ஊற்றி, 'விதியே, விதியே!' என்று ஓலமிடும் இலக்கியங்கள் உலகில் ஏராளம். அந்த ஓலத்தின் நடுவே, அழுபவனின் கையைப் பிடித்துத் திருப்பி, 'இதோ பாருங்கள், கயிற்றின் தடம்!' என்று காட்டிய ஆங்கில நாடகம் ஒன்று உண்டு. ஜான் வெப்ஸ்டர் எழுதிய 'மால்பி கோமகள்' அது. நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த நாடகத்தை, இன்றைய இளைஞர் ஏன் படிக்க வேண்டும் என்பதே நாம் இங்கு சொல்ல வருவது.

வெப்ஸ்டரின் காலத்து ஆங்கில மேடை, மாண்ட மங்கையருக்காக மன்றம் நிறைய அழுத மேடை. சேக்ஸ்பியரின் ஜூலியட்டை எண்ணிப் பாருங்கள். பதினான்கு வயதுகூட நிரம்பாத பெண். அவள் உள்ளத்தை ஒருவரும் கேட்கவில்லை. தந்தை நாள் குறித்தான். மறுத்தால் தெருவில் கிடந்து சாகட்டும் என்று சீறினான். அவள் செத்தாள். செத்த பிறகு என்ன நடந்தது? பகைத்துக் கிடந்த இரு குடும்பத்துத் தந்தையரும் கைகுலுக்கிக் கொண்டனர். பொன்னால் சிலை எடுப்போம் என்றனர். உயிரோடு இருந்தபோது ஒரு சொல்லுக்கு இடம் தராதவர்கள், இறந்த பிறகு பொன்னைக் கொட்டிக் கொடுக்கிறார்கள்!

ஒபீலியாவை எண்ணிப் பாருங்கள். தந்தை அவளைத் தூண்டிற்புழுவாக ஆக்கினான். தமையன் கற்பு போதித்தான். காதலன் கடுஞ்சொல் வீசினான். அவள் ஆற்றில் மிதந்த பிறகு, தமையனும் காதலனும் புதைகுழியிலே மல்லுக்கு நிற்கிறார்கள். எதற்கு? யாருடைய துயரம் பெரியது என்று நிலைநாட்ட! பின்னாளில் 1851, 1852ஆம் ஆண்டுகளில் மில்லே என்னும் ஓவியர், மலர் சூழ நீரில் மிதக்கும் அவள் உருவைத் தீட்டினார். உலகமே அந்த ஓவியத்தின் எழிலில் மயங்கிற்று. மயங்கிய உலகம், அவளை ஆற்றங்கரைவரை தள்ளிச் சென்றவர் எவர் என்று கேட்க மறந்தது.

ஒத்தெல்லோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறான். உறங்கும் மனைவியின் எழிலைக் கண்டு உருகுகிறான், அவள் மேனியில் வடுப்படக் கூடாதே என்று தவிக்கிறான், முத்தமிடுகிறான், பிறகு மூச்சை அடக்கிக் கொல்கிறான். கொலைக்கு முன்னமே ஒப்பாரி! சேக்ஸ்பியர் இந்தக் கொடுமையை அறியாதவர் அல்லர். அறிந்தேதான் எழுதினார். ஆயினும், அவருடைய சொல்லின்பம் பெருவெள்ளமாகப் பாய்கிறது. அதில் மிதக்கும் அவையோர், அழுபவனோடு சேர்ந்து தாமும் அழுது, அவனுக்குப் பாதி மன்னிப்பும் வழங்கிவிட்டு வீடு திரும்புகின்றனர்.

அந்த மன்னிப்பை மறுத்தவர் வெப்ஸ்டர்.

'மால்பி கோமகள்' 1613, 1614ஆம் ஆண்டுகளையொட்டி, இலண்டன் பிளாக்பிரையர்ஸ் அரங்கில் மன்னர் நாடகக் குழுவினரால் ஆடப்பட்டது. அச்சில் வந்தது 1623இல். சேக்ஸ்பியரின் நாடகத் தொகுதி வெளிவந்த அதே ஆண்டு. அந்தப் பதிப்பில் நடிகர் பெயர்கள் பாத்திரங்களோடு குறிக்கப்பட்டுள்ளன. கோமகளின் அண்ணன் பெர்டினாண்டாக நடித்தவர் ரிச்சர்டு பர்பேஜ். ஒத்தெல்லோவாக நின்று அழுத நடிகரும் அவரே! தன் கையால் கொன்ற மனைவிக்காக அழுத அதே குரல், தான் ஆளை ஏவிக் கொன்ற உடன்பிறந்தாளுக்காகவும் அழுதது. கோமகளாக நடித்தவன் ஓர் ஆண்பிள்ளை. பெண்கள் மேடையேற ஆங்கில நாட்டில் 1660ஆம் ஆண்டுவரை இடமில்லை.

கதை இதுதான். மால்பி நாட்டுக் கோமகள் இளம் விதவை. அவளுக்கு உடன்பிறந்தார் இருவர். ஒருவன் பெர்டினாண்டு, நாடாளும் கோமகன். அவளோடு இரட்டையாய்ப் பிறந்தவன். மற்றவன் கர்தினால், திருச்சபையின் தூண். இருவரும் அவள் மறுமணம் செய்யக் கூடாது என்று கட்டளையிடுகிறார்கள். அவளோ தன் மாளிகை மேலாளன் அந்தோனியோவை விரும்புகிறாள். குலத்தால் தாழ்ந்தவன்; குணத்தால் உயர்ந்தவன். மறைவில் மணந்து கொள்கிறாள். மூன்று மக்களைப் பெறுகிறாள். அண்ணன்மார் வைத்த ஒற்றன் போசோலா செய்தியை அறிகிறான். முடிவு? சிறை, சித்திரவதை, கயிறு. கோமகள் கொல்லப்படுகிறாள், இளைய மக்கள் இருவரும், பணிப்பெண் கரியோலாவும் கொல்லப்படுகின்றனர்.

அவள் செய்த குற்றம் என்ன? கொலையா? களவா? காட்டிக் கொடுத்தலா? கைம்பெண் காதலித்தாள், குலம் பாராது மணந்தாள். இந்த இரண்டே குற்றங்கள்! 'குடும்ப மானம்' என்னும் கோயிலில் அவளுக்குப் பலிபீடம் ஆயத்தமாயிற்று.

மணம் நிகழும் காட்சி நம் கருத்துக்குரியது. காதலைத் தொடங்கி வைப்பவள் அவளே. அரசகுலப் பெண்ணிடம் ஆடவன் எவன் துணிந்து காதல் உரைப்பான்? ஆகவே அவளே உரைக்கிறாள். அந்தோனியோவின் கண் சிவந்திருக்கிறது. மருந்து இது என்று தன் மோதிரத்தைத் தருகிறாள். அவன் மண்டியிடுகிறான், அவள் கைகொடுத்து எழுப்புகிறாள். கணவனின் கல்லறையில் மண்டியிட்டுக் கிடக்கும் பளிங்குப் பாவை தான் அல்லள், தசையும் குருதியும் கொண்ட பெண் என்பதை அவனுக்கு உணர்த்துகிறாள். அங்கே புரோகிதன் இல்லை, பாதிரி இல்லை. இருவர் உள்ளம் ஒன்றிய உறுதிமொழி; கரியோலா ஒருத்தி சான்று. அவ்வளவே திருமணம்! திருச்சபை இதற்குமேல் என்ன கட்டிவிட முடியும் என்பது கோமகளின் கேள்வி.

கற்பனைப் புரட்சி என்று எண்ண வேண்டா. இருவர் தம் வாயால் அந்த நேரத்திலேயே கணவன், மனைவி என்று உறுதி கூறினால், அது செல்லத்தக்க திருமணம் என்பதே அக்காலத்து ஐரோப்பிய வழக்கு. பாதிரி முன்னிலை வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து மன்றத்தில் விதித்தது 1563இல். இங்கிலாந்தில் சட்டம் வந்தது 1753இல். புரோகிதர் இல்லாத திருமணத்தைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1967இல் ஏற்று, 1968 சனவரியில் அது நடைமுறைக்கு வந்த வரலாறு அறிந்த நமக்கு, அந்தக் கோமகளின் கேள்வி அயலார் கேள்வியாகப் படவில்லை. நம் வீட்டு மணமேடையில் எழுந்த கேள்வியாகவே படுகிறது.

இனி, அழகு பற்றிய காட்சிக்கு வருவோம். மூன்றாம் பகுதியில், படுக்கையறையில், கண்ணாடி முன் அமர்ந்து கோமகள் தலைவாருகிறாள். கணவனும் பணிப்பெண்ணும் அருகில். சிரிப்பும் கேலியும் நிறைந்த இல்லறம். அவள் பேசிக்கொண்டே வார, அவர்கள் இருவரும் விளையாட்டாக மெல்ல நழுவி விடுகிறார்கள். அதை அறியாமல் அவள் தன் கூந்தல் நரைக்கப் போவதைப் பற்றிப் பேசுகிறாள். நரைத்தால் என்ன? அரசவையோர் அனைவரையும் தலையில் வெண்பொடி தூவிக்கொள்ளச் செய்து, எல்லாரையும் தன்னைப் போல ஆக்கி விடுவாளாம்! எவ்வளவு நலமான நெஞ்சம், பாருங்கள்! அழகு போகும் என்பதை அவள் அறிவாள். அறிந்தும் அழவில்லை, சிரிக்கிறாள். அன்புடையவன் அருகில் இருக்கையில், நரை ஒரு நகைச்சுவை.

பதில் வராதது கண்டு திரும்புகிறாள். பின்னால் நிற்பவன் கணவன் அல்லன். கையில் குறுவாளோடு அண்ணன்! அந்த வாளை அவளிடமே நீட்டுகிறான். இனி அவள் முகத்தில் விழிப்பதில்லை என்று சூள் உரைத்துச் செல்கிறான்.

வெப்ஸ்டரின் திறம் இந்த ஒரு காட்சியில் உள்ளது. காலம் கொண்டுபோகும் அழகையும், காதகன் கொண்டுபோகும் அழகையும் ஒரே கண்ணாடியின் முன் நிறுத்தி விட்டார். முதலாவதை எண்ணி அவள் சிரித்தாள். இரண்டாவதைக் கொண்டு வந்தவன் பின்னால் நின்றான். நரைக்கும்வரை வாழ விட்டிருந்தால் அவளுக்குக் குறையேதும் இல்லை. நரைக்க விடவில்லையே, அதுதான் கொலை!

சிறையில் நிகழ்வதைச் சுருக்கமாகச் சொல்வோம். முகத்தில் விழிப்பதில்லை என்ற சூளைக் 'காப்பாற்ற', விளக்கை அணைக்கச் சொல்லி இருட்டில் வருகிறான் பெர்டினாண்டு. தன் கை என்று நீட்டி, பிணத்தின் கையைக் கொடுக்கிறான். கணவனின் பிணம் போல் மெழுகுப் பாவை செய்து காட்டுகிறான். பித்தர்களை அழைத்து வந்து அவள் முன் ஆடவிடுகிறான். இந்தப் பகுதியில் வெப்ஸ்டர் அளவு கடந்து விட்டார் என்று கூறுவோர் உண்டு. அது முழுதும் பொய்யன்று. மெழுகும் பிணக்கையும் இல்லாமலே அவள் துயரம் நமக்கு விளங்கும். ஆனால், அத்தனை கோரத்துக்கும் நடுவே அவர் வைத்த ஒரு சிறு செய்தி, எல்லாக் கோரத்தையும் வென்று நிற்கிறது. கயிறு ஆயத்தமாக நிற்கையில், கோமகள் கரியோலாவிடம் கடைசியாகச் சொல்வது என்ன? சின்ன மகனுக்குச் சளி. மருந்துப் பாகு கொடுக்க வேண்டும். மகள் உறங்குமுன் தொழுகை சொல்ல வேண்டும். இவ்வளவே!

காவியப் பெண்கள் சாகும்போது கவிதை பேசுவர். இவள் பிள்ளையின் மருந்தைப் பேசுகிறாள். இவளைச் சிலையாக்க முடியுமா? மலர்தூவி மிதக்கவிட முடியுமா? கூந்தலும் கண்ணும் கன்னமும் அல்லள் இவள். தாய், துணைவி, நாடாளும் தலைவி, தன் அறிவால் தன் வாழ்வைத் தேர்ந்தவள். இழந்தது அழகு மட்டும் அன்று, ஆள் என்பதை, வெப்ஸ்டர் ஒரு மருந்துக் கிண்ணத்தால் நமக்குச் சொல்லி விடுகிறார்.

அவள் இறந்த பின் வருகிறான் அண்ணன். இருட்டில் மட்டும் வந்தவன், இப்போதுதான் ஒளியில் அவள் முகம் காண்கிறான். காண முடியவில்லை. மூடச் சொல்கிறான். கண் கூசுகிறது, இளமையில் போய்விட்டாளே என்ற ஏக்கம் எழுகிறது. ஆங்கில நாடக உலகில் அவன் அப்போது பேசும் சில சொற்களுக்குப் பெரும் புகழ் உண்டு. 1808இல் சார்லஸ் லாம் பழைய நாடகங்களிலிருந்து தொகுத்த நூல், வெப்ஸ்டரை மறதியிலிருந்து மீட்ட காலந்தொட்டு, அந்தச் சொற்களைச் சுவைத்து நெகிழாத இரசிகர் குறைவு.

நாமும் நெகிழ்வோம், ஆனால் அங்கேயே நின்றுவிட மாட்டோம். அடுத்து அவன் சொல்வதையும் கேட்போம். ஒற்றன் போசோலா கூலி கேட்கிறான். அண்ணன் என்ன செய்கிறான்? எவன் அதிகாரத்தால் கொன்றாய் என்று அவனையே அதட்டுகிறான்! ஆணையிட்டவன், ஆணையை நிறைவேற்றியவனைக் கொலைகாரன் என்கிறான். அந்தக் கண்ணீரின் உட்பொருள் இப்போது விளங்குகிறதா? அது தப்பி ஓடும் வழி. அழுகிறவன் குற்றவாளியாக இருக்க முடியாது என்று உலகம் நம்புகிறது அல்லவா? அந்த நம்பிக்கைதான் அவனுக்குப் புகலிடம்.

அவன் வாயாலேயே இன்னொன்றும் வெளிவருகிறது. அவள் விதவையாகவே இறந்திருந்தால் பெருஞ்செல்வம் தனக்கு வந்திருக்கும் என்ற ஆசை இருந்ததாம். மானம், மானம் என்று முழங்கியவனின் மடியில் பொருளாசை! உடன்பிறந்தாள்மீது முறைகடந்த வேட்கை அவனுக்கு இருந்தது என்று கூறும் திறனாய்வாளரும் உளர். வேட்கையோ, பணமோ, குலச்செருக்கோ, எதுவாயினும் ஒன்று உறுதி: 'குடும்ப மானம்' என்ற பட்டுத்துணியை விலக்கினால், அடியில் கிடப்பது தன்னலம்.

மற்றோர் உடன்பிறப்பான கர்தினால் அழுவதே இல்லை. விதவைத் தங்கைக்கு ஒழுக்கம் போதித்த அந்தத் துறவி, பிறன் மனைவி சூலியாவை வைத்திருப்பவன். மறைவுச் செய்தியை அறிந்துவிட்ட அவளை, நஞ்சு தடவிய திருநூலை முத்தமிட வைத்துக் கொல்கிறான். ஒருவன் அழுகிறான், ஒருவன் அழவில்லை. இருவர் கையும் ஒரே கயிற்றில்தான். அழுதவனுக்கு அதற்காக ஒரு முழம் கயிற்றையும் நாம் தள்ளுபடி செய்வதற்கில்லை.

கதைத்தலைவி நான்காம் பகுதியிலேயே இறந்து விடுகிறாளே, ஐந்தாம் பகுதி எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. நாடக அமைப்பில் இது குறை என்பது அவர்கள் துணிபு. நம் துணிபு வேறு. ஐந்தாம் பகுதிதான் தீர்ப்பு வழங்கும் பகுதி. பெர்டினாண்டு பித்தனாகிறான், தன்னை ஓநாய் என்று எண்ணி நள்ளிரவில் கல்லறைகளைத் தோண்டுகிறான். அழகிய ஏக்கமாகத் தொடங்கிய துயரம், பிணம் தோண்டும் வெறியாக முடிகிறது. போசோலா மனம் மாறி, பழிதீர்க்கக் கிளம்புகிறான். இருட்டில் ஆள் தெரியாமல், காக்க நினைத்த அந்தோனியோவையே குத்திக் கொல்கிறான். காலம் கடந்து வரும் இரக்கம் குருடாகவே வரும் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

விதியைப் பேசுவோர்க்கும் இந்த நாடகத்தில் ஒரு விடை இருக்கிறது. முதல் மகன் பிறந்தபோது அந்தோனியோ சாதகம் கணிக்கச் செய்கிறான். அந்த ஏட்டைத் தவற விடுகிறான். ஒற்றன் கையில் அது சிக்குகிறது; மறைவு வெளிப்பட்டு, அழிவு தொடங்குகிறது. சாதகம் என்ன சொல்லிற்று? குழந்தைக்கு அற்ப ஆயுள், கொடிய சாவு என்று. நாடகத்தின் முடிவில் எல்லாரும் மாண்டு கிடக்க, உயிரோடு அழைத்து வரப்படுபவன் யார்? அதே மூத்த மகன்! சாதகம் பலிக்கவில்லை, சாதக ஏடு மட்டும் குடும்பத்தைப் பலி கொண்டது. வெப்ஸ்டர் மறந்து செய்த பிழை இது என்பாரும் உளர். பிழையாயினும் நமக்கு இனிய பிழையே.

இந்தக் கதை வெறும் கற்பனையும் அன்று. இத்தாலியின் அமால்பி நாட்டில், அரகோன் அரசகுலத்து ஜோவான்னா என்ற கோமகள் வாழ்ந்தாள். 1498இல் கணவனை இழந்தாள், மாளிகை மேலாளன் அந்தோனியோவை மறைவில் மணந்தாள், 1510இல் புனிதப் பயணம் என்று சொல்லி வெளியேறினாள், பிடிபட்டாள், அதன்பின் அவளை உலகம் காணவில்லை. அந்தோனியோ 1513இல் மிலான் நகரில் கொல்லப்பட்டான். இதைப் பந்தெல்லோ கதையாக எழுதி, 1554இல் வெளியிட்டார். ஆங்கிலத்தில் 1567இல் தந்த வில்லியம் பெயின்டர், காமத்தால் கெட்டாள் என்று அவள்மீதே பழியைப் போட்டு நீதி புகட்டினார். வெப்ஸ்டர் அந்தப் பழியைத் துடைத்தெறிந்தார். கதை பழையது, பார்வை புதியது. நாடகாசிரியனின் அறிவாண்மை அதில்தான் இருக்கிறது.

1945இல் இலண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் பெக்கி ஆஷ்கிராப்ட் கோமகளாக நின்றபோதும், 2014இல் மெழுகுவத்தி ஒளியில் சாம் வானமேக்கர் அரங்கம் இந்த நாடகத்தோடு திறக்கப்பட்டபோதும், மக்கள் பழங்கதை பார்க்கப் போகவில்லை. கோமகள்களும் கர்தினால்களும் மாறலாம், கயிறு மாறவில்லை. நம் நாட்டில் அதற்கு 'ஆணவக் கொலை' என்று பெயர். வயதுவந்த இருவர் மனமொத்து மணக்கக் குடும்பத்தின் ஒப்புதலோ, குலத்தின் ஒப்புதலோ தேவையில்லை என்று, 2018 மார்ச்சுத் திங்களில் இந்திய உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்புரைத்தது. தீர்ப்பு ஏட்டில் இருக்கிறது. குறுவாளோடு கண்ணாடியின் பின்னால் நிற்பவன் ஏடு படிப்பதில்லை.

ஆகவே, இளைஞர்களே! இழந்த அழகுக்காக இலக்கியம் அழும்போது நீங்களும் அழுங்கள்; கண்ணீர் பகுத்தறிவுக்குப் பகையன்று. ஆனால், அழுதுகொண்டே கேளுங்கள்: அவள் வாழ்ந்தபோது இவன் எங்கே நின்றான்? அவள் விரும்பியதை எவன் மறுத்தான்? அவள் சாவால் எவன் பெட்டி நிறைந்தது? இந்தக் கேள்விகளுக்கு விடை தராத ஒப்பாரியை, எத்துணை இனிய ஓசையுடையதாயினும், ஐயத்தோடு கேளுங்கள்.

பொற்சிலை வேண்டா, பளிங்குப் பாவை வேண்டா. கண்ணாடி முன் அமர்ந்து, கணவனோடு கேலி பேசி, தன் நரையைத் தானே கண்டு சிரிக்கும் வயதுவரை ஒரு பெண் வாழட்டும். அவளை வாழவிடும் நாட்டில் இப்படியோர் அவல நாடகம் எழுதக் கதை கிடைக்காது போகலாம். போகட்டும், அந்த இழப்புக்காக நாம் ஒரு துளிக் கண்ணீரும் சிந்த மாட்டோம்.